தொடாதிருந்த நாட்கள்

முதலில் அதை அடம் என்றுதான் நினைத்தேன். காலையில் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனால் சுதா பல்லைக் கடித்துக்கொண்டு கையால் தள்ளினாள். "வாயத் திற கண்ணு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று ஒருமுறை கொஞ்சிச் சொன்னேன். அடுத்த முறை அதட்டிச் சொன்னேன். அவள் கண்ணில் நீர் முட்டியது, வாய் திறக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை. முந்தின வாரம் பீர்க்கங்காய் வேண்டாம் என்று இதே மாதிரி வாயை இறுக்கிக்கொண்டவள். பசித்தால் தானே கேட்பாள் என்று தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், கிளியூரிலிருந்து என்னைத் தேடிவந்த ஒரு பெண். அவர் கணவருக்கும் சுதாவுக்கு வந்த அதே நோய். சேலத்தில், அவளை வைத்திருந்த மாதிரியே ஓர் அறையில் படுக்க வைத்திருக்கிறார்களாம். "அங்க உள்ள எப்படி இருக்குமுங்க? நாங்க என்னங்க பண்ணோணும்?" என்று கேட்டார். நான் ஏதோ முன்னும் பின்னுமாகச் சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகுதான் சொல்லவேண்டியதையே சொல்லவில்லை என்று தோன்றியது.

சுதா இட்லியைத் தள்ளிய அன்று மதியம் என் கணவர் சாப்பிட வந்தார். ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். ஆட்களுக்குப் பேர் போட்டு, வேலை பிரித்துக் கொடுக்கிற உத்தியோகம். எஸ்டேட்டிலேயே எங்களுக்கு ஒரு வீடு. கட்டிலில் படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டு, "பாரு வசந்தா, காலைல அழுதான்னு சொன்னே, சிரிச்சுக்கிட்டு இருக்கா" என்றார். நானும் பார்த்தேன். உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் தெரிய, சிரிப்பு மாதிரியே இருந்தது. கண்ணில் மட்டும் சிரிப்பு இல்லை. அந்த நேரம் என் கையிலிருந்த குண்டான் மூடி நழுவிக் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் பட, நடு உடம்பு மேலே எழும்பி நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

எஸ்டேட் ஜீப்பில் ஏற்காட்டு டாக்டரிடம் போனோம். அவர் மெல்லிய மரப்பட்டை ஒன்றைப் பல்லிடுக்கு வழியாக உள்ளே விட்டு நாக்கின் பின்புறத்தைத் தொட்டார். நமக்கெல்லாம் அப்படிச் செய்தால் குமட்டும். சுதா பட்டையைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை உருவ முயலவில்லை. மெதுவாக எங்களைப் பார்த்து, "சமீபத்துல எங்கயாவது காயம் பட்டுதா?" என்றார். இல்லை என்றேன். அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காபிச் செடிகளைக் கவாத்து வெட்டியிருந்த சமயம். அப்பாவோடு காட்டுக்குள் போனவள், வெட்டிவிட்ட குச்சி ஒன்றின் மேல் கால் வைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தாள். காபித்தூளை அப்பிக் கட்டிவிட்டேன். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ரத்தம் உடனே நின்றுவிடும். நின்றது, ஆறியது, மறந்தும்விட்டோம்.

"காபித்தூள் வெச்சதாலதானுங்களா டாக்டர்?"

"அதனாலன்னு மட்டும் சொல்ல முடியாதும்மா. கிருமி மண்ணுலயே இருக்கு. குச்சியோட ஆழமா உள்ள போயிருக்கும். மேல மூடிக்கிட்டா காத்துப் போகாது, அதுக்கு அதுதான் வேணும். குழந்தையில முத்தடுப்பு ஊசி மூணும் போட்டீங்களா?"

ஒன்று போட்டோம். அதில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் துவண்டு கிடந்தாள். அடுத்ததற்கு எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொன்னேன். அவர் சீட்டெழுத ஆரம்பித்தார்.

டெட்டனஸ். தமிழில் ரணஜன்னி என்பார்கள். காயத்தில் தங்கும் கிருமி ஒரு விஷத்தைச் சுரக்கிறது. அது நரம்பில் ஏறினால் தசைகள் எல்லாம் இறுகிக்கொள்ளும். முதலில் தாடை கிட்டிப்போகும், பிறகு கழுத்து, முதுகு. சின்னச் சத்தம், வெளிச்சம், ஒரு தொடுகை போதும், உடம்பு முழுக்க இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு மூச்சுவிடும் தசைகளைப் பிடித்துவிட்டால்தான் ஆபத்து.

டாக்டர் ஓர் ஊசி போட்டு, உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். வழியில் குலுக்கல் கூடாது, வெயில் முகத்தில் படக்கூடாது, ஹாரன் அடிக்கவே கூடாது என்றார். மலையிறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்காமல் போக முடியாது.

"மேல ஏறி வர்ற பஸ்ஸுக்கு நாம வர்றது எப்படிங்க தெரியும் ரைட்டரய்யா?" என்றார் டிரைவர்.

"வளைவுக்கு வளைவு நான் எறங்கி முன்னால போறேன். துண்ட வீசினா மட்டும் வா."

அப்படியே செய்தார். ஜீப் நிற்கும். அவர் இறங்கி ஓடி, வளைவுக்கு அப்பால் மறைவார். நான் சுதாவின் முகத்தை என் முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு அந்தத் துண்டுக்காகக் காத்திருப்பேன். ஒரு வளைவில் பஸ் ஒன்றை அவர் இரு கையையும் விரித்து மறித்து நிறுத்தி, ஹாரன் அடிக்க வேண்டாம் என்று டிரைவரைக் கும்பிட்டதைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். எங்களைத் தாண்டும் வரை அந்த வண்டியில் ஒருவரும் பேசவில்லை. அடிவாரம் வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவளை அவ்வளவு நேரம் நான் மடியில் வைத்திருந்தது அன்றோடு சரி.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கென்று வராந்தாவின் கடைசியில் தனி அறை. ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். உள்ளே போனதும் பகல் முடிந்துபோகும். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற எதிர்மருந்தைச் சிறிது போட்டுப் பார்த்து, ஒத்துக்கொண்ட பிறகு முழுதும் போட்டார்கள். பால் போக மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய். இழுப்பை அடக்கத் தூக்க மருந்து, கையில் ஏறும் மருந்துநீரோடு.

பெரிய டாக்டர் என்னை வெளியே அழைத்துப் பேசினார். "இந்த மருந்து ரத்தத்துல திரியற விஷத்தைத்தான் முறிக்கும்மா. நரம்புல ஏற்கெனவே ஒட்டினதை எடுக்க மருந்து கிடையாது. அது தானா தேயணும். வாரக்கணக்குல ஆகும். அது வரைக்கும் மூச்சு நிக்காமப் பாத்துக்கறதுதான் எங்க வேலை. இன்னொண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. இதுல நினைவு தப்பாது. பாப்பாவுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேக்கும்."

கடைசியில் சொன்னதை நான் ஓர் எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே போகும் முன் நர்ஸ் என் கையைப் பார்த்தார். "வளையலக் கழட்டிருங்கம்மா. கொலுசும்."

தயங்கினேன். கல்யாணமான பெண் கையை மூளியாக வைக்கலாகாது என்று வளர்ந்தவள்.

"உங்களுக்கு அது வளையல் சத்தம். அவளுக்கு இடி" என்றார் நர்ஸ்.

கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து கணவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு நர்ஸ் மற்ற விதிகளைச் சொன்னார். உள்ளே ஒரே ஆள். பேசக்கூடாது. தொடக்கூடாது, குழாய் மாற்றுவது, புரட்டுவது எல்லாம் அவர்களே மருந்து போட்ட பிறகு செய்வார்கள். "தலைமாட்டுல, அவ கண்ணுக்குப் படாம உக்காருங்க. உங்களப் பாத்தா பேச முயற்சி பண்ணுவா. அந்த முயற்சியே இழுப்பக் கொண்டாந்துரும்."

பள்ளியில் டீச்சர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதிப் பாராட்டு வாங்கியவள் நான். சொன்னபடியே உட்கார்ந்தேன்.

அந்த அறையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் உச்சந்தலை. வகிடும் இரண்டு பக்கமும் அவிழ்ந்த ரிப்பனும். சில நேரம் தலையணையில் ஈரம் பரவுவது தெரியும், கண்ணீர் காதுப்பக்கம் வழிகிறது என்று அர்த்தம். துடைக்கக் கை போகும். மடியில் வைத்து இறுக்கிக்கொள்வேன். இழுப்பு வரும்போது பல் நறநறக்கும், உதடு நீலம் பாயும். நான் கதவை மட்டும் திறந்து கையசைப்பேன். நர்ஸ் ரப்பர் செருப்பில் ஓசையில்லாமல் ஓடி வருவார், தொண்டையில் சேர்ந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுப்பார். மறுபடி இருட்டு. மற்ற வார்டுகளில் பக்கத்துக் கட்டில்காரர்களிடமாவது நாலு வார்த்தை பேசலாம். எனக்குப் பக்கத்துக் கட்டில் கிடையாது.

என் கணவர் எஸ்டேட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. லீவு நாளில் இறங்கி வருவார். வெளியே மரத்தடியில் நின்று, "எப்படி இருக்கா?" என்பார். "அப்படியேதானுங்க இருக்கா" என்பேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போவார். நாள் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு வெளியே வந்தால் எனக்குப் பேச்சு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாது. ஊசியை நிறுத்தியது என் முடிவு, காபித்தூளை வைத்தது என் கை, வாயைத் திற என்று அதட்டியது நான். இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்துக்கொண்டே போவேன். அவர் கண்ணைப் பார்த்ததும், "சட்டை பொத்தான் அந்துபோயிருக்கு பாருங்க" என்பதுதான் வாயில் வரும்.

ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது வராந்தாவில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. கட்டிலருகே என் நங்கை நின்றிருந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். மாரமங்கலத்தில் மிளகும் காபியும் உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பத்துப் பேரின் குடும்பக் கதையை விசாரித்துவிடுவார். செய்தி கேட்டதும் தனியாகவே இறங்கி வந்திருக்கிறார். சுதா வளைந்து கிடந்தாள். அவள் விரல்களுக்குள் நங்கையின் பெரிய இரும்புச் சாவிக்கொத்து. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது எல்லாரும் அறிந்த வைத்தியம். நங்கையின் வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு, எத்தனையோ முறை அப்படிக் கொடுத்து அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த நம்பிக்கையில் அவள் கையைப் பிரித்து, சாவியை வைத்து, தன் இரண்டு கையாலும் பொத்தியிருக்கிறார்.

இழுப்பு விடவில்லை. உதடு நீலம் தாண்டிக் கறுத்தது. டாக்டர் வந்தார், ஊசி போட்டார், நெஞ்சை அழுத்தினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு மூச்சு, கேவலாக, உள்ளே போனது.

"சாவிய எடுத்துக்கிட்டு வெளிய போங்க" என்றேன். அடித்தொண்டையிலிருந்து வந்த அது என் குரல் மாதிரியே இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை.

வராந்தாவில் அவர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். "இரும்பு புடிச்சா நிக்குமுன்னுதான் கண்ணு குடுத்தேன். எம்பட தம்பி பொண்ணுக்கு நான் கெடுதி நெனைப்பனா?"

நர்ஸ்தான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். அது வேறு வலிப்பு, இது வேறு. இதற்கு மருந்தே அமைதிதான்.

"சத்தமே ஆகாதுங்களா?"

"ஆகாதுங்கம்மா."

அவர் சாவிக்கொத்தை முந்தானையில் சுற்றி இடுப்பில் இறுக்கிச் செருகினார். ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவுக்கு வெளியே தன் பையைத் தலையணையாக வைத்து இடம் பிடித்துக்கொண்டார். அன்று முதல் அந்த வராந்தா அவர் ஆட்சிக்குள் வந்தது. விளக்கெண்ணெய் வாங்கிவந்து கதவுக் கீலுக்கு விட்டார். வாளிப்பிடிகளுக்குப் பழந்துணி சுற்றினார். தட்டு வண்டி தள்ளிவரும் ஆளிடம் அவர் கிசுகிசுப்பது கதவிடுக்கில் எனக்குக் கேட்கும்.

"ஏனுங்க, இந்தச் சக்கரம் இப்படிக் கத்துதே, எண்ணெய் காட்டக் கூடாதுங்களா?"

"இது ஆஸ்பத்திரி வண்டிங்கம்மா, மாட்டு வண்டி இல்ல."

"மாட்டு வண்டியே தேவலைங்க. அதுக்கு மசகு போடறவன் இருக்கறான். நிறுத்துங்க, எங்கிட்ட விளக்கெண்ணெ இருக்குது."

மறுநாள் வண்டி ஓசையில்லாமல் போயிற்று. எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. அவர் வாங்கிவைத்த சாப்பாட்டைத் தின்றேன், பேசவில்லை. அவரும் பேச முயலவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துவிட்டு, என் வெறும் மணிக்கட்டை ஒருமுறை தடவிவிட்டுத் திரும்பிக்கொள்வார். அந்த நாட்களில் என்னைத் தொட்ட ஒரே கை அது.

இழுப்புகள் குறைய ஆரம்பித்தது எந்த நாள் என்று சொல்ல முடியவில்லை. ஒருநாள் தட்டு கீழே விழுந்தது, அவள் சும்மா கிடந்தாள். டாக்டர் தன் சுண்டுவிரலைப் பற்களுக்கிடையே நுழைத்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஆள்காட்டி விரல் போயிற்று. பிறகு கரண்டி. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தார்கள். என்னை முன்னால் வந்து உட்காரச் சொன்னார்கள். சுதா என்னைப் பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்ள உடம்பில் தெம்பில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நங்கை உள்ளே வந்ததும் மட்டும் அவள் கை மெல்ல நகர்ந்து, அவர் விரலைப் பிடித்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான் இருந்தாள். நான் ஊட்டினால் சாப்பிட்டாள், நடக்கப் பழக்கினால் நடந்தாள். படுக்கும்போது அப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள். நோயில் இளைத்த பிள்ளைகள் இப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஒருநாள் முற்றத்தில் வெயிலில் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவளே கேட்டாள்.

"நீ எப்பம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தே?"

"எப்ப வந்தேனா? மொத நாள்ல இருந்து அங்கதான் கண்ணு இருந்தேன். உன்ற தலைமாட்டுல."

"இல்ல. அத்தைதான் வந்தாங்க. எங்கையப் புடிச்சாங்க. அவங்களயும் யாரோ தொரத்திட்டாங்க."

சீப்பு கூந்தலிலேயே நின்றுவிட்டது. நோயைப் பற்றி, இருட்டைப் பற்றி, அவள் கண்ணில் ஏன் நான் படவில்லை, ஏன் தொடவில்லை என்று முடிந்தவரை சொன்னேன்.

"அத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? எனக்குக் காது கேட்டுச்சே."

கிளியூர்ப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். விதிகளை எனக்குச் சொன்னார்கள், சுதாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஹாரன் ஏன் கூடாது, முகத்தை ஏன் மூடுகிறேன் என்று ஜீப்பில் என் மடியில் கிடந்தபோதே சொல்லியிருக்கலாம். மருந்து போட்டு உடம்பு தளர்ந்திருக்கும் நேரத்தில், நர்ஸைக் கேட்டுக்கொண்டு, காதருகே இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு பெரிய டாக்டரிடம் கேட்டேன். "சொல்லியிருக்கலாம். ஆனா நீங்க சும்மா இருந்ததும் தப்பில்ல" என்றார். இதில் எதை எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கணவருக்கும் எல்லாம் கேட்கும். யார் அருகில் இருக்கிறார்கள், ஏன் தொடாமல் இருக்கிறார்கள் என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

சுதா அன்று என் விளக்கத்தோடு விடவில்லை. ரைட்டர் மகள், ஆள் வந்ததா என்று சரிபார்க்காமல் பேர் போட மாட்டாள்.

"நீ அங்க இருந்தீன்னா, என்னென்ன சத்தம் கேட்டுச்சு சொல்லு."

"மேல சுவத்து ஓட்டையில பொறா கத்தும்."

"ம்."

"காலைல யாரோ ஒருத்தர் இருமிக்கிட்டே வராந்தாவக் கூட்டுவாங்க. தூரத்துல மில்லுச் சங்கு ஊதும். கொழா ஒண்ணு சொட்டிக்கிட்டே இருக்கும்."

"சரி." பாதித் தலை திரும்பியிருந்தது. "இன்னொண்ணு விட்டுட்டே."

"என்னது கண்ணு?"

"எங்கிட்டக்கவே, தலைக்குப் பின்னால, ஒருத்தங்க எப்பவும் மூக்க உறிஞ்சிக்கிட்டே இருப்பாங்க. சத்தம் வராம மெதுவா. சளி புடிச்ச வேற ஒரு பாப்பாவப் பக்கத்துல படுக்க வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

"அங்க வேற கட்டிலே இல்ல சாமி."

அவள் முழுதும் திரும்பி உட்கார்ந்தாள். பின்னிய பாதி ஜடை என் கையிலிருந்து நழுவியது. என் மூக்கையும் கண்ணையும் வெகுநேரம் பார்த்தாள்.

"அது நீயா?" என்றாள்.